50 மைலில் உருட்டிப்போய் 400 மைல் பார்த்த கதை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் நடக்கும் வேக ரெக்கார்டு வாரமான ஸ்பீட் வீக்கில் யாரும் யாரோடும் போட்டி போட்டு ஓடுவதில்லை. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் சீறிப் பாயும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஒரு வண்டி தனியாகக் கிளம்பும், வெள்ளைத் தரையில் தனியாக ஓடும், புள்ளியாகி மறைந்துபோகும், அப்புறம் ரேடியோவில் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த எண், ரெக்கார்டு புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற எண்ணைவிடப் பெரியதா இல்லையா என்பதுதான் பந்தயம். பரிசுப் பணம் ஒரு டாலர்கூடக் கிடையாது.

இதைப் பார்க்கத்தான் கலிஃபோர்னியாவில் இருந்து யூட்டா மாநிலத்தின் மேற்கு எல்லை வரைக்கும், 1950-ம் வருட ஃபோர்டு காரில், ஏசி இல்லாமல், ஆகஸ்ட் வெயிலில் போய்வந்தோம். சால்ட் லேக் சிட்டிக்கு விமானம் ஏறி, வாடகைக் கார் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் உப்புவெளிக்குப் போய்விடலாம். ஆனால் அப்படிப் போயிருந்தால் அங்கே பார்த்ததில் பாதி எனக்குப் புரிந்திருக்காது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கார் என்னுடையது இல்லை, அண்ணனுடையது. கூடப் பிறந்தவர் இல்லை, கோயம்புத்தூர்க்காரர், வயதில் பெரியவர், அதனால் அண்ணன். அவருடைய அப்பா பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அண்ணன் அமெரிக்கா வந்து ரிட்டயரும் ஆகிவிட்டார், ஆனால் பட்டறை அவரை விடவில்லை. வீட்டு கராஜில் கார் நிற்க இடமில்லாத அளவுக்கு லேத்தும் டிரில்லிங் மெஷினும் நிற்கின்றன. சின்ன வயதில் சென்னைக்கு ரயிலேறி வந்து சோழவரம் ரேஸ் பார்த்த கதையை அவர் சொல்லாத நாளில்லை. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வரும்வரை மெட்ராஸ் ரேஸ் என்றால் சோழவரம்தான்.

அவருடைய ஃபோர்டில் இருப்பது ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சின். வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லாமல் எஞ்சினின் உடம்பான பிளாக்குக்குள்ளேயே சிலிண்டர் பக்கத்தில் இருக்கும், ஹெட் என்பது வெறும் தட்டையான மூடி, அதனால் அந்தப் பேர். 239 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 3.9 லிட்டர், அதில் வருவது 100 குதிரைத் திறன். இன்று நம் ஊரில் ஓடும் சின்ன டர்போ கார்களே அந்த அளவுக்குத் தருகின்றன. மூன்று கியர், அம்பாசடர் மாதிரி ஸ்டியரிங் தண்டிலேயே. இந்த எஞ்சினில் எரிந்த வாயு வெளியே போகிற பாதை பிளாக்கின் ஊடாகவே போவதால், கூலிங் தண்ணீருக்கு எப்போதும் கூடுதல் வேலை. பாலைவனத்துக்குக் கொண்டுபோக உலகத்தில் இதைவிட நல்ல எஞ்சின்கள் நிறைய உண்டு. ஆனால் ஸ்பீட் வீக்குக்கு இதில் போவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சாக்ரமெண்டோவைத் தாண்டியதும் ஏற்றம். டானர் கணவாய் 7,000 அடிக்கு மேல். 1,000 அடி ஏற ஏற, டர்போ மாதிரி காற்றை அழுத்தித் தரும் சமாச்சாரம் எதுவும் இல்லாத எஞ்சின் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. நம்முடைய 100 குதிரையில் ஐந்தில் ஒரு பங்கு அந்த உச்சியில் காணாமல் போகிறது. இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. பழைய கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டருக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. காற்று மெலிந்தாலும் அது பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், கலவை கெட்டியாகிவிடும், வண்டி இருமும், பின்னால் பெட்ரோல் வாடை. அண்ணன் இரண்டாவது கியரில் மணிக்கு 30 மைலில் ஊர்ந்துகொண்டே, "கொஞ்சம் பொறுங்க தம்பி, மூச்சு வாங்குது அதுக்கு" என்றார். லாரிக்காரர்கள் எங்களை முந்தும்போது ஹாரன் அடித்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தக் கணவாய்க்கும் நாங்கள் போகிற உப்புவெளிக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1846-ல் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டிகளில் மேற்கே கிளம்பிய டானர் கூட்டம், குறுக்கு வழி என்று யாரோ சொன்னதை நம்பி அந்த உப்புப் பாலைவனத்தின் வழியாக வந்தது. உப்புக்குக் கீழே சேறு. சக்கரம் புதைந்து, மாடுகள் தாகத்தில் ஓடிப்போய், வண்டிகளைப் பாதி வழியில் விட்டுவிட்டு, நாட்களை இழந்து, கடைசியில் இந்தக் கணவாய்க்கு வந்து சேர்ந்தபோது பனி விழுந்து வழி அடைத்துவிட்டது. 87 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் செத்துப்போனார்கள். நாங்கள் அதே பாதையில் எதிர்த்திசையில், மடியில் புளியோதரை டப்பாவோடு, பெட்ரோல் பங்கு எங்கே என்று தேடிக்கொண்டு போனோம்.

ரீனோ தாண்டி நேராக 80-ம் நெடுஞ்சாலையிலேயே போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் அதில் எல்லோரும் 80 மைலில் பறப்பார்கள், அண்ணன் வண்டிக்கு 50, 55-தான் சௌகரியம். அதனால் ஃபாலன் என்ற ஊரில் இருந்து 50-ம் எண் சாலையைப் பிடித்தோம். 1986-ல் லைஃப் பத்திரிகை 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று கிண்டலாக எழுதிய சாலை இது. நெவாடாக்காரர்கள் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பேரையே போர்டில் எழுதி மாட்டி, சுற்றுலா விளம்பரமாக்கிவிட்டார்கள். ஃபாலனை விட்டால் அடுத்த ஊர் ஆஸ்டின், சுமார் 110 மைல். நடுவில் மிடில்கேட் என்று ஒரு சின்ன நிறுத்தம். அவ்வளவுதான்.

பாலைவனம் என்றதும் எனக்கு மனதில் வந்தது மணல்மேடு. இது அப்படி இல்லை. சாம்பல் பச்சையில் முழங்கால் உயரப் புதர், அதற்கு நடுவே கோடு போட்ட மாதிரி சாலை, எதிரே ஒரு மலைத்தொடர். வளைந்து வளைந்து ஏறிக் கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் மறுபடியும் அதே அகலமான பள்ளத்தாக்கு, அதன் முடிவில் மறுபடியும் ஒரு மலைத்தொடர். எல்லாம் வடக்கு தெற்காக வரிசை வரிசையாக நிற்கின்றன, நாம் குறுக்கே போகிறோம். 80 மைலில் போகிறவருக்கு இது அலுப்பு. 50 மைலில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகும்போது வேறு விஷயம் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு பள்ளத்தாக்கின் அடியிலும் வெள்ளையாக ஒரு திட்டு. இந்தப் பிரதேசத்தில் பெய்கிற மழை கடலுக்குப் போவதே இல்லை. நாலு பக்கமும் அடைப்பு. தண்ணீர் மலையில் இருந்து உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, பள்ளத்தில் தேங்கி, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. இப்படிப்பட்ட பள்ளங்களில் பெரிய ஒன்றுதான் பான்வில். பனியுகத்தில் அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது, ஆழம் 1,000 அடி வரை. அது வற்றியதில் மிஞ்சியதுதான் இன்றைய கிரேட் சால்ட் லேக்கும், அதற்கு மேற்கே இருக்கும் இந்த உப்புத் தரையும்.

ஆஸ்டினுக்கு முந்தைய ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது. வேப்பர் லாக். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள வியாதிதான். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கும், சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகும், பம்பால் ஆவியை உறிஞ்சித் தள்ள முடியாது. உயரம் கூடினால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிற மாதிரி பெட்ரோலும் சீக்கிரம் கொதிக்கும், ஆக மலைமேல் வெயிலில் இரண்டு கஷ்டமும் ஒன்றாக வரும். பெட்ரோல் குழாயில் துணி உலர்த்தும் கிளிப்புகளை வரிசையாக மாட்டினால் சரியாகிவிடும் என்று இங்கே பழைய கார் ஆசாமிகள் சத்தியம் செய்வார்கள். அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. அவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, துண்டைத் தண்ணீரில் நனைத்து பம்பைச் சுற்றிக் கட்டினார். "அவசரப்பட்டு செல்ஃப் அடிச்சா பேட்டரிதான் போகும், ஆறட்டுங்" என்று நிழலே இல்லாத இடத்தில் கார் நிழலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தார். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு கார்கள் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போயின. அந்தச் சாலையில் ஆள் குறைவு, ஆனால் வருகிறவர் நிற்காமல் போவதில்லை.

யுரேகா, ஈலி, அப்புறம் வடக்கே திரும்பி வெண்டோவர். ஊர் பாதி யூட்டாவில், பாதி நெவாடாவில். நெவாடாப் பக்கம் சூதாட்ட விடுதிகள் பளபளக்கும், யூட்டாப் பக்கம் சத்தமே இல்லை. அங்கேயும் ஒரு போர்க்கால விமானதளம் இருக்கிறது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு போட்ட 509-வது விமானப் படைப் பிரிவு பயிற்சி எடுத்த இடம். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானம் நின்ற ஹாங்கரை இன்னும் வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்றபோது அண்ணன் சோழவரத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை, அது ஒரு அதிசயம்.

மறுநாள் விடிவதற்குள் உப்புக்குப் போய்விட்டோம். தார்ச் சாலை ஒரு இடத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் வெள்ளை. மேலே காய்ந்த பொருக்கு, நடந்தால் அப்பளத்தை மிதித்த சத்தம். கொஞ்சம் சுரண்டினால் ஈரம். இந்த ஈரம்தான் ரகசியம் என்று, வண்டிகளைத் தயார் செய்யும் பிட் பகுதியில் ஒருவர் சொன்னார். அத்தனை வெயிலிலும் தரை குளிர்ச்சியாக இருப்பதால் டயர் சூடாவதில்லை. குளிர்காலத்தில் மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கும், காற்று அந்தத் தண்ணீரை அங்கும் இங்கும் அலைத்து மேற்பரப்பைச் சமன் செய்யும், கோடையில் காய்ந்து புதுத் தரை. வருடா வருடம் இயற்கையே ரோடு போட்டுத் தருகிறது.

இங்கே முதல் ஸ்பீட் வீக் நடந்தது 1949-ல். நடத்துகிறவர்கள் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன், சுருக்கமாக எஸ்.சி.டி.ஏ. 1937-ல் ஆரம்பித்த சங்கம். அதுவரை கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிகளான முரோக், எல் மிராஜ் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்த பையன்களுக்கு, போர் முடிந்து வந்தபின் அந்த இடம் போதவில்லை. அவர்கள் கையில் இருந்தது என்ன எஞ்சின்? இந்த ஃப்ளாட்ஹெட்தான். 1932-ல் இருந்து ஃபோர்டு லட்சக்கணக்கில் செய்து தள்ளியதால் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்தது. போர் விமானங்களில் வயிற்றுக்கடியில் மாட்டும் உபரி பெட்ரோல் டாங்க்கை வாங்கி, அதற்குள் இந்த எஞ்சினையும் ஒரு ஆளையும் திணித்து ஓட்டினார்கள். காற்றைக் கிழிப்பதற்கென்றே செய்த வடிவம் மலிவாகக் கிடைக்கும்போது யார் விடுவார்கள்? 1950-ல் ஃப்ளாட்ஹெட் பொருத்திய ஒரு வண்டி இங்கே 200 மைலைத் தாண்டியது, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். அண்ணன் வண்டி தயாரான அதே வருடம், அதே குடும்பத்து எஞ்சின். மலையேற்றத்தில் 30 மைலில் இருமிய அந்த இரும்பில் இருந்து 200 மைலை எப்படிப் பிழிந்தார்கள் என்பது, இருமலைக் காதால் கேட்டவனுக்குத்தான் உறைக்கும். ஃப்ளாட்ஹெட்டுக்கென்று தனி வகுப்பு இன்றைக்கும் இருக்கிறது.

பிட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த விஷயம். எஃப்1 பந்தயத்தில் கராஜ் பக்கம் நம்மை விடுவார்களா? இங்கே எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறவர் தலையை நிமிர்த்தி, நாம் எங்கே இருந்து வருகிறோம் என்று விசாரிப்பார். வகுப்புகள் நூற்றுக்கணக்கில் உண்டு. 50 சிசி மோட்டார் சைக்கிளுக்கும் ரெக்கார்டு உண்டு, மணிக்கு 400 மைலில் ஓடும் ஊசி மாதிரியான ஸ்ட்ரீம்லைனருக்கும் உண்டு. வேக வண்டி என்றால் எடை குறைவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே தலைகீழ், ஈயக் கட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உப்பில் பிடிப்பு குறைவு, சக்கரம் சும்மா சுற்றும், எடை ஏற்றினால்தான் தரையைப் பிடிக்கும். கியர் எல்லாம் அதிவேகத்துக்கு அமைத்திருப்பதால் பல வண்டிகளால் தானாக நகரவே முடியாது, பின்னால் ஒரு பிக்கப் டிரக் முட்டித் தள்ளிக்கொண்டே போய் விடவேண்டும். நீளத் தடம் 5 மைல். நிற்பதற்கு பாராசூட்.

அங்கே எல்லோரும் கையில் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு காற்றின் அடர்த்தி, வெப்பம், ஈரம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். உப்புவெளி 4,200 அடி உயரத்தில் இருக்கிறது. வெயில் ஏற ஏற காற்று இன்னும் மெலியும், எஞ்சினைப் பொறுத்தவரை இன்னும் உயரத்தில் நிற்கிற மாதிரி. அதனால்தான் காலையில் ஓட அத்தனை அவசரம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் அண்ணன் டானர் கணவாய்க் கதையைச் சொல்ல, இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், எனக்கும் புரிந்தது. ஏசி காரில் வந்திருந்தால் அந்தப் பேச்சில் எனக்கு என்ன வேலை?

ரெக்கார்டு பிடிப்பதும் ஒரு தவம். முதலில் பழைய ரெக்கார்டைத் தாண்டி ஓடவேண்டும். உடனே வண்டி தனி இடத்துக்குப் போய்விடும், அங்கே சில மணி நேரம் மட்டும் ரிப்பேர் பார்க்க அனுமதி. மறுநாள் காலை மறுபடி ஓடவேண்டும். இரண்டின் சராசரிதான் ரெக்கார்டு. 200 மைலுக்கு மேல் ரெக்கார்டு வைத்தவர்களுக்கு ஒரு சிவப்புத் தொப்பி. அந்தத் தொப்பி போட்டவர் நடந்து வந்தால் பிட்டில் தனி மரியாதை. கடையில் விலைக்குக் கிடைக்காது.

பெரிய பேர்களும் இங்கே நிறைய. 1935-ல் மால்கம் காம்ப்பெல் ப்ளூ பேர்டு காரில் மணிக்கு 301 மைல் தொட்டது இங்கேதான், அதுவரை ஃப்ளோரிடா கடற்கரை மணலில் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1964-ல் கிரெய்க் பிரீட்லவ் ஜெட் காரில் மணிக்கு 526 மைலில் ஓடிவிட்டு, பாராசூட் கைவிட்டு, கம்பத்தை முறித்துக்கொண்டு உப்புத் தண்ணீர்க் குட்டையில் போய் விழுந்து நீந்திக் கரையேறினார். 1970-ல் ப்ளூ ஃப்ளேம் என்ற ராக்கெட் கார் 622 மைல், ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கார். அதற்கப்புறம் உலக ரெக்கார்டு நெவாடாவின் பிளாக் ராக் களிமண் தரைக்குப் போய்விட்டது, 1997-ல் அங்கே ஒலியின் வேகத்தையே தாண்டினார்கள். என்னைக் கேட்டால் ஜெட் எல்லாம் வேறு சாதி. அண்ணனுக்கு சாமி, நியூசிலாந்துக்காரர் பர்ட் மன்றோதான். 1920-ம் வருட இந்தியன் மோட்டார் சைக்கிளை நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் கொட்டகையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, பிஸ்டனைக்கூடத் தானே வார்த்து, 1967-ல் தன் 68-வது வயதில் இங்கே 183 மைலில் ரெக்கார்டு வைத்தவர். பட்டறைக்காரர்களுக்குப் பட்டறைக்காரர்தான் பிடிக்கும்.

உப்பு மெலிந்துகொண்டே போகிறது, இதை எல்லோரும் கவலையோடு பேசுகிறார்கள். நெடுஞ்சாலைக்குத் தெற்கே உரத்துக்கான பொட்டாஷ் எடுக்கிறார்கள், உப்புநீர் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. 1990-களின் கடைசியில் இருந்து உப்புநீரைத் திருப்பி விட்டுப் பார்த்தார்கள், இன்னும் சண்டை ஓயவில்லை. முன்பு பத்து மைலுக்கு மேல் தடம் போட்ட இடத்தில் இப்போது அந்த நீளம் கிடைப்பதில்லை. 2014-ல் மழை, 2015-ல் தரை சரியில்லை, 2022-ல் மறுபடி தண்ணீர் என்று ஸ்பீட் வீக்கே நடக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வெயில் மேலே இருந்து மட்டும் அடிப்பதில்லை, தரையில் இருந்தும் திருப்பி அடிக்கும். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், மூக்குத் துவாரம் வரைக்கும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். பார்வையாளர்கள் தடத்தில் இருந்து கால் மைலுக்கும் அப்பால்தான் நிற்கமுடியும், ஆகவே பைனாகுலரும், எண்களைக் கேட்க ரேடியோவும் அவசியம். சொந்த வண்டியை உப்பில் இறக்கினால் அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். அண்ணன் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைக் கையோடு கொண்டுவந்து, விடுதிக்காரரிடம் கெஞ்சிக் குழாய் வாங்கி, அதைக் காருக்கு அடியில் வைத்து ஓடவிட்டார், அப்படியும் வீட்டுக்கு வந்தபின் சேஸிஸ் மூலையில் உப்பு இருந்தது. வெஸ்ட் வெண்டோவர் நெவாடாவில் இருந்தாலும் யூட்டா நேரப்படி ஓடுகிற ஊர், ஈலியில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். அந்த வாரம் அறை வாடகையும் ஏறிவிடும், சீக்கிரமே போட்டுவிடுங்கள், ஆனால் மழை வந்தால் கடைசி நேரத்தில் எல்லாமே ரத்தாகலாம் என்பதால் பணம் திரும்பக் கிடைக்கிற அறையாகப் பார்த்துப் போடுங்கள்.